ராமாநுஜன் விட்டுவிட்ட எண்

கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜனின் பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டுப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது ஒரு வாடகை மோட்டாரின் நம்பர். லண்டன் நகரைச் சேர்ந்த புட்னியில் நோயாளியாகப் படுத்திருந்த அவரைப் பார்க்கச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறி வந்த வண்டியின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் ஒன்றையும் காணோம் என்றும் சொன்னாராம். இரண்டு கனங்களின் கூட்டுத் தொகையாக இரு வேறு விதங்களில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்று ராமாநுஜன் படுத்தபடியே உடனே மறுமொழி கூறினார். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனத்தைக் கூட்டினாலும் 1729. ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனத்தைக் கூட்டினாலும் 1729. கதை மெய்யே, ஹார்டியே எழுதிவைத்த விஷயம் இது. ஆனால் இதைப் பள்ளிக்கூடந்தோறும் மேடைதோறும் சொல்லிச் சொல்லி, ராமாநுஜனை ஒரு சித்து புருஷராக ஆக்கிவிட்டோம். கண்ணை மூடினார், எண் தோன்றிற்று, சொன்னார் என்பதோடு அவருடைய சரித்திரம் முடிந்துவிடுகிறது.

நாம் இன்று வாசகர்களின் முன் வைக்க விரும்பும் எண் வேறு. அது 6746328388800. பதின்மூன்று ஸ்தானங்கள் உடையது. நம் முறைப்படி வாசித்தால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. இதைப் பற்றிக் கதை எதுவும் கிடையாது. 1915-ம் வருஷம் அச்சாகிய ராமாநுஜனின் ஓர் அட்டவணையில் இது கடைசி வரியில் நிற்கிறது. அதே அட்டவணையில் அவசியம் இருக்க வேண்டிய வேறோர் எண் இல்லாமற் போயிருக்கிறது. ராமாநுஜன் எத்தகைய மனிதர் என்பதற்கு, வாடகை மோட்டாரின் நம்பரைக் காட்டிலும் இவ்விரண்டு எண்களும் நம்பத்தகுந்த சாட்சிகள் என்பது நம் அபிப்பிராயம். சாட்சிகளை விசாரிக்குமுன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

ராமாநுஜன் 1887-ம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தகப்பனார் ஸ்ரீநிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடி வந்தவர். குடும்பம் பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் காகிதம் வாங்கப் பணமில்லாத குடும்பம். இந்தக் காகித விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பையன் சிலேட்டுப் பலகையில் கணக்குப் போடுவான், முழங்கையால் அழிப்பான், மறுபடி எழுதுவான். முடிவு மட்டுமே நோட்டுப் புத்தகத்தில் ஏறும். முடிவுக்கு வந்த வழி முழங்கையோடு போய்விடும்.

1903-ம் வருஷத்தில் கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணிதச் சுருக்கம் ஒன்று அவர் கைக்கு வந்தது. பரீக்ஷைக்குப் படிக்கும் பிள்ளைகளின் உபயோகத்துக்காக, ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கிய புத்தகம். நிரூபணம் அநேகமாகக் கிடையாது. இங்கிலாந்தில் இதற்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இருந்ததில்லை. கும்பகோணத்துச் சிறுவன் இதைத் திறவுகோலாகக் கொண்டு, சூத்திரம் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்கப் புகுந்தான். அதிலிருந்து புதிய சூத்திரங்கள் கிளைத்தன. அவற்றையும் கார் எழுதிய பாணியிலேயே, வழியைச் சொல்லாமல், நோட்டுப் புத்தகங்களில் நிரப்பிக்கொண்டு போனான். அந்த நோட்டுப் புத்தகங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் அடங்கியிருப்பதாகப் பிற்காலத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் அவற்றுக்கெல்லாம் நிரூபணம் தேடி ஐந்து பெரிய தொகுதிகளாக வெளியிட்டு முடிக்க 1985 முதல் 1998 வரை ஆயிற்று.

கல்லூரிப் படிப்பின் கதை எல்லோரும் அறிந்தது. 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். ஆங்கிலத்தில் தேறாததால் சம்பளம் பறிபோயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. 1906-லும் 1907-லும் எப். ஏ. பரீக்ஷைக்குப் போய் இரண்டு தடவையும் தவறினார். கணிதத்தில் அவருக்கு ஈடு யாருமில்லை; சரீர சாஸ்திரத்திலும் மற்றப் பாடங்களிலும் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் சற்று மட்டமாகத் தேறியவனை மேலே அனுப்பி, ஒரு பாடத்தில் சிகரமாக நின்றவனைத் தெருவில் விட்டது அன்றைய விதி. இந்தப் பழியை அந்நிய ஆட்சியின் தலையில் போட்டுவிட்டுக் கைகழுவி விடுவது மேடைக்கு உதவும், நியாயத்துக்கு உதவாது. விதியை எழுதியது எவராயினும், அவ்விதியில் ஒரு விலக்குக் கேட்கலாம் என்று கும்பகோணத்திலோ சென்னையிலோ அன்று போதிய குரல் எழவில்லை. பின்னால் விலக்குக் கிடைத்தது. அதற்கு அவர் பெயரை ஓர் ஆங்கிலேயர் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது.

நடுவில் சில வருஷங்கள் அலைச்சல். 1909-ல் ஜானகி அம்மாளுடன் விவாகம் நடந்தது. வேலை தேடவேண்டிய நிர்ப்பந்தம். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவரும், 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமான வி. ராமஸ்வாமி ஐயரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அவருடைய சிபாரிசும் வேறு நண்பர்களின் உதவியும் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் கொண்டு சேர்த்தன. ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் ரூ. 25 கொடுத்து வந்தார். அந்த நாட்களில் ராமாநுஜன் கறுப்பு மசியால் எழுதி நிரம்பிய தாளின்மேலேயே சிவப்பு மசியால் மறுபடி எழுதுவதுண்டு. 1912-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் ரூ. 30 சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கேயும் சரக்குக் கட்டி வந்த காகிதத்தைத் தேடி எடுத்து அதில் கணக்குப் போட்டு வந்தார் என்பார்கள்.

லண்டன் பேராசிரியர் ஹில் என்பவரிடம் அவருடைய தாள்கள் முன்பே போயிருந்தன. அவர் அரை மனதோடு சில யோசனைகள் சொன்னதோடு சரி. 1913-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி ராமாநுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதந்தான் கதவைத் திறந்தது. ஹார்டியின் பதில் வந்த பிறகு சென்னைச் சர்வகலாசாலை, பட்டதாரி அல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு, விதி நேராக இடங்கொடாதிருந்தும் மாதம் ரூ. 75 ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. 1914-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி. ஆகஸ்டில் ஐரோப்பிய யுத்தம்.

யுத்தம் மூண்ட அந்தக் காலத்தில், சொந்தக் கையால் சமைத்த மரக்கறி உணவோடு, குளிருக்குப் பழகாத தேகத்தோடு, ராமாநுஜன் உட்கார்ந்து ஆராய்ந்த விஷயங்களில் ஒன்றுதான் நம் பதின்மூன்று ஸ்தான எண்ணைக் கொடுத்தது. விஷயம் கடினமன்று, கணக்கைக் கண்டு ஓடும் வாசகர்களும் ஓடவேண்டியதில்லை.

பன்னிரண்டை 1, 2, 3, 4, 6, 12 என்ற ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையா. அதே மாதிரி 24-க்கு எட்டு. அதற்குக் கீழே எதற்கும் எட்டு இல்லை. 36, 48, 60, 120, 180, 240, 360 என்று இப்படிப்பட்டவை தொடர்கின்றன. தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் தொகையில் வென்று நிற்கும் எண்ணைப் பெரும் பகு எண் என்று தமிழில் சொல்லிக் கொள்வோம். பகா எண்ணுக்கு இது நேர் எதிர்த் துருவம்: பகா எண் தன்னையும் ஒன்றையும் தவிர எவரையும் உள்ளே விடாது, இது வந்தவர்க்கெல்லாம் கதவு திறக்கும். பங்கு போடத் தெரிந்த மக்கள் இவற்றை எந்தக் காலத்திலும் அறிந்தே இருந்தனர். நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு அறுபது விநாழிகை என்று வகுத்த நம் முன்னோர் அறுபதை வேண்டுமென்றே எடுத்தார்கள். அதற்குப் பன்னிரண்டு வகுத்திகள். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதை மூவர் சமமாகப் பிரித்துக்கொள்ள முடியாது. அணாவுக்குப் பன்னிரண்டு பை இருந்ததால்தான், 1957-ல் புதுக்காசு வரும் வரையில், மூவர் பாகம் சண்டையின்றித் தீர்ந்தது. கிரேக்க ஞானி பிளேட்டோ, சட்டங்களைப் பற்றிய தம் நூலில், லட்சிய நகரத்தின் குடும்பங்கள் 5040 ஆக இருக்க வேண்டும் என்று விதித்தார். 5040-க்கு அதையும் சேர்த்து அறுபது வகுத்திகள். வரி விதிக்கவும் நிலம் பங்கிடவும் படை வகுக்கவும் சௌகரியம் என்பது அவர் எண்ணம். அரசியல் ஊழியர்களாகிய நம் வாசகர்களுக்கு இந்தக் காரணம் பிடிக்கும் என்று நம்புகிறோம்.

எல்லோரும் உபயோகித்த இந்த எண்களின் அமைப்பு என்ன, இவை எந்த விதிக்குக் கட்டுப்பட்டுப் பெருகுகின்றன என்பதை முதன்முதல் ஆழமாக ஆராய்ந்து வகைப்படுத்தியவர் ராமாநுஜன். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். பன்னிரண்டில் 2 இரண்டு தடவை, 3 ஒரு தடவை. தடவைகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால், மூன்றும் இரண்டும் ஆறு. அதுவே வகுத்திகளின் தொகை. இப்போது ஒரு பெரும் பகு எண்ணில் பெரிய பகா எண் அதிகத் தடவையும் சிறிய பகா எண் குறைந்த தடவையும் வருவதாக வைத்துக் கொள்வோம். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் வகுத்திகளின் தொகை மாறாது. எண் மட்டும் சிறியதாகிவிடும். ஆகவே முதலில் எடுத்துக்கொண்டது பெரும் பகு எண் ஆகாது. எனவே 2 வரும் தடவைகளைவிட 3 அதிகம் வராது, 3-ஐவிட 5 அதிகம் வராது. படிகள் கீழ்நோக்கியே இறங்கும். கடைசிப் படியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். இதற்கு விலக்கு 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே என்பதையும் அவர் நிரூபித்தார். அடுத்தடுத்த பெரும் பகு எண்கள் மேலே போகப் போக விகிதத்தில் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன என்பதையும் காட்டினார். இந்த வகுப்புக்குள்ளேயே இன்னும் கண்டிப்பான நிபந்தனைக்கு உட்பட்ட மேல்வகுப்பு ஒன்றைப் பிரித்து வைத்தார்.

இனி 6746328388800-ஐப் பிரித்துப் பார்ப்போம். அதில் 2 ஆறு தடவை. 3 நான்கு தடவை. 5 இரண்டு, 7 இரண்டு. 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு தடவை. படிகள் இறங்கி, கடைசியில் ஒன்றாக முடிகின்றன. வகுத்திகளின் தொகை 10080. அதாவது இந்த எண்ணைப் பத்தாயிரத்து எண்பது விதமான கூட்டத்தாருக்கு மீதியின்றிச் சமமாகப் பங்கிடலாம்; இதற்குக் கீழ்ப்பட்ட ஆறேமுக்கால் லட்சம் கோடி எண்களில் எதற்கும் அந்தச் சக்தி இல்லை. கணக்கிடும் யந்திரத்தின் உதவியின்றி, இங்கே தொடங்கிக் கீழே 2 வரையில் பெரும் பகு எண்களை வரிசைப்படுத்தி ராமாநுஜன் அச்சிட்டார். மொத்தம் 102 எண்கள்.

இருக்க வேண்டியவை 103. விட்டுப்போனது 293318625600. நம் பதின்மூன்று ஸ்தான எண்ணை 23 ஆல் வகுத்தால் கிடைப்பது இதுவே. 23 ஒன்றைத் தவிர மற்றப் பகா எண்களெல்லாம் அதே தடவைகளில் இதிலும் இருக்கின்றன. இதன் வகுத்திகள் 5040. பிளேட்டோவின் நகரத்துக் குடும்பத் தொகை இப்படி வந்து விழுந்தது தற்செயலே. அதில் பொருள் தேட வேண்டாம்.

நாம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பழகியவர்கள். நூற்று மூன்றில் ஒன்று விட்டுப்போனது குறைதான். ஆனால் ஒரு பெரிய விவகாரத்துக்கு அதைவிட உறுதியான ருசு நமக்குக் கிடைக்காது. ராமாநுஜன் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் மிகுந்த பக்தி உடையவர். சூத்திரங்கள் கனவில் அருளப்பட்டவை என்று நண்பர்களிடம் சொன்னதும் உண்டு. அவருடைய பக்தியோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து, அவர் உழைக்காமலே பெற்றார் என்று சொல்பவர்களோடு வழக்கு உண்டு. அருளாக இறங்கிய ஜாபிதாவில் ஓர் எண் விட்டுப் போவதில்லை. குளிரில் விரல் விறைக்க, ஒவ்வொரு படியாக ஏற்றியும் இறக்கியும் ஒப்பிட்டு எழுதிய மனிதனுடைய ஜாபிதாவில்தான் விட்டுப்போகும். அந்த வெற்றிடத்தில் நாம் பார்ப்பது உழைப்பாளியின் கைரேகை.

வாடகை மோட்டாரின் நம்பரும் இதையே சொல்கிறது. மூன்றாம் கனம் இரண்டைக் கூட்டினால் மற்றொரு கனம் ஒருபோதும் வராது என்பது பழைய சித்தாந்தம். வராவிட்டாலும் எவ்வளவு அருகில் வரலாம் என்பது ராமாநுஜன் வெகுவாக உழன்ற கேள்வி. 9, 10 இவற்றின் கனங்களைக் கூட்டினால் 12-ன் கனத்தைவிட ஒன்று அதிகம். 135, 138 இவற்றின் கனங்களைக் கூட்டினால் 172-ன் கனத்தைவிட ஒன்று குறைவு. இத்தகைய எண்களை முடிவின்றி உண்டாக்கும் வழி ஒன்று அவருடைய கையெழுத்துத் தாள்களில் இருக்கிறது. புட்னிப் படுக்கையில் 1729 திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. பல வருஷம் பழகிய முகம் வாசலில் வந்து நின்றது.

மற்றொரு பெரிய எண்ணையும் இங்கே சொல்லிவிடலாம். நான்கை, 4, 3, 1, 2, 2, 2, 1, 1, 1, 1, 1, 1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். இருநூறை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? விடை 3972999029388. இதை மக்மஹோன் என்ற ராணுவ மேஜர் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். ஹார்டியும் ராமாநுஜனும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புக்களைக் கூட்டினாலே, ஒன்றில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசங்கூட இல்லாமல் இந்த விடை வந்துவிட்டது. பிறகு ராமாநுஜன் மக்மஹோனின் அட்டவணையையே எடுத்து வைத்துப் பார்த்தார். 4, 9, 14 என்று ஐந்தைந்தாக ஏறும் இடங்களிலெல்லாம் விடை ஐந்தால் மீதியின்றி வகுபடுவதைக் கண்டார். கண்டதோடு நில்லாமல் நிரூபித்தார். அட்டவணை பிறருடையது, எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தது. உற்றுப் பார்த்தவர் அவர்.

பெரும் பகு எண்களைப் பற்றிய கட்டுரையை லண்டன் கணிதச் சங்கம் 1915-ல் அறுபத்து மூன்று பக்கங்களில் வெளியிட்டது. அதன் பொருட்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சி வழியான பி. ஏ. பட்டம் அளித்தது. எப். ஏ.யில் இரண்டு தடவை தவறியவர் பெற்ற முதற்பட்டம் இது. ஹார்டிக்கு இந்த விஷயம் கணித வெள்ளத்தின் நடு ஓட்டமாகத் தோன்றவில்லை, ஒதுங்கிய கால்வாயாகவே தோன்றிற்று. ஆனால் அதைக் கையாண்ட திறமை அபாரமானது என்று அவர் ஒப்புக்கொண்டார். கால்வாய் என்ற தீர்ப்பைக் காலம் சிறிது மாற்றி எழுதியிருக்கிறது.

எப்படியெனில், அந்த அறுபத்து மூன்று பக்கங்கள் கட்டுரை முழுவதும் அல்ல. அப்போது லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு ராமாநுஜன் தாம் எழுதியதில் பிற்பகுதியை நிறுத்திக்கொண்டார். கும்பகோணத்தில் காகிதம் இல்லாமல் முழங்கையால் அழித்தவர், உலகத்தின் பெரிய கணிதச் சங்கம் ஒன்றின் வாசலுக்கு வந்தும் காகிதச் செலவுக்கு அஞ்சிப் பக்கங்களை மடித்து வைக்க நேர்ந்தது.

மடித்து வைத்த பக்கங்களில் என்ன இருந்தது? ஓர் எண்ணின் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்ற ஆராய்ச்சி அதில் ஒரு பகுதி. 1859-ல் ஜெர்மானியக் கணித அறிஞர் ரீமன் பகா எண்களைப் பற்றி ஓர் ஊகத்தை வெளியிட்டார். இன்றளவும் அதை நிரூபித்தவர் இல்லை. அது மெய்யானால், ஓர் எல்லைக்கு அப்பாற்பட்ட எந்த எண்ணுக்கும் வகுத்திகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாது என்று ராமாநுஜன் கண்டிருந்தார். இது ஒருவருக்கும் தெரியாது. 1984-ல் பிரெஞ்சு அறிஞர் கீ ரோபின் தாமே இவ்விடத்துக்கு வந்து, இன்னும் ஓர் அடி மேலே வைத்தார். 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த அளவைத் தாண்டாது என்று காட்டிவிட்டால் ரீமனின் ஊகம் மெய். ஊகம் மெய்யானால் எந்த எண்ணும் தாண்டாது. 5040-க்கு அளவு சுமார் 19,237. அதன் வகுத்திகளைக் கூட்டினால் 19,344. ஆகவே அது தாண்டுகிறது. ஊகம் மெய்யாயின், தாண்டும் எண்களில் அதுவே கடைசி. பிளேட்டோ பங்கு போடுவதற்காகத் தேர்ந்தெடுத்த எண், கணிதத்தின் தலைசிறந்த புதிருக்கு எல்லைக்கல்லாக நிற்பதைக் காண வியப்பாக இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு முன் அந்தப் பாதையில் முதல் அடி வைத்த கும்பகோணத்தாரின் தாள்கள் அச்சுக் கூலி இல்லாமல் கேம்பிரிட்ஜில் கிடந்தன.

மற்ற வரலாறு துக்ககரமானது, சுருங்கச் சொல்லுவோம். 1917-ல் நோய் கண்டது. க்ஷயம் என்றே வைத்தியர்கள் நடத்தினார்கள். ஈரலைப் பற்றிய அமீபா நோய் என்றும், கண்டுபிடித்திருந்தால் தீர்த்திருக்கலாம் என்றும் 1994-ல் டாக்டர் யங் என்பவர் ஆதாரங்களோடு வாதித்திருக்கிறார். 1918-ம் வருஷம் மே மாதத்தில் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் ஆனார். அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் அங்கத்தினர் ஆனார். டிரினிடியில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் ஏற்பாடு செய்தது. அதற்கு அவர் 1919-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி எழுதிய பதிலை, மேடையில் அவர் பெயரை உபயோகிக்கும் அன்பர்கள் ஒருமுறை தேடிப் படிக்க வேண்டும். தம் அவசியச் செலவுக்கு அவ்வளவு வேண்டாம். பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளமாகவும் புத்தகமாகவும் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். சம்பளம் பறிபோனதால் படிப்பை இழந்தவர், கையில் பணம் வந்தவுடன் நினைத்தது அதைத்தான்.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சென்னையிலும் வைத்தியம் நடந்தது. படுக்கையிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். 1920-ம் வருஷம் ஜனவரியில் ஹார்டிக்குப் புதிய ஆராய்ச்சி ஒன்றை எழுதியனுப்பினார். ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடல் தாண்டியவர், திரும்பி வந்து பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்ற காரணத்தால், வைதிக உறவினர் பலர் அந்திமக் கிரியைக்கு வராமல் ஒதுங்கினர். ராயல் சொஸைட்டி தயங்காமல் சேர்த்துக்கொண்டவரை நாலு வீடு தள்ளியிருந்தவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. இதைப் பற்றி நாம் மேலும் எழுதினால் நிதானம் தப்பும்.

அவர் விட்டுச் சென்ற தாள்களைச் சர்வகலாசாலையார் ஹார்டிக்கு அனுப்பினார்கள். கடைசி வருஷத்துத் தாள்கள் கைமாறிக் கைமாறிப் போய், 1976-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிடி புத்தக சாலையில் ஒரு பெட்டியிலிருந்து கண்டெடுத்தார். அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். வழக்கம்போல் நிரூபணம் இல்லை.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்தும் சொற்ப உபகாரப் பணம் பெற்றும் திருவல்லிக்கேணியில் நெடுநாள் வாழ்ந்தார். கணவர் இறந்தபோது சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று 1981-ல் ஒரு பத்திரிகை நிருபரிடம் அவர் கேட்டார். அறுபது வருஷமாக எந்தச் சர்க்காரும் எந்தச் சங்கமும் அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. அமெரிக்கக் கணித ஆசிரியர் ரிச்சர்ட் ஆஸ்கி என்பவர் தம்மைப் போன்ற கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு வெண்கல உருவம் வார்ப்பித்தார். நம் நாட்டு மேதையின் விதவைக்குக் கணவரின் உருவம் அந்நிய நாட்டு ஆசிரியர்கள் கூடிக் கொடுத்த பணத்தில் வந்து சேர்ந்தது. 2012-ம் வருஷத்தை இந்திய சர்க்கார் தேசியக் கணித ஆண்டாகக் கொண்டாடினார்கள், நல்லதே.

1915-ல் மடித்து வைத்த பக்கங்கள், அவருடைய கையெழுத்து அப்படியே தெரியும்படி, 1988-ல் புது தில்லியில் படம் பிடித்து அச்சாயின. அவற்றை ஒழுங்குபடுத்திக் குறிப்புரை எழுதியவர்கள் ரோபினும், அவருடைய நாட்டவரான ழான் லூயி நிக்கோலாவும். அந்தப் பதிப்பு 1997-ல் ராமாநுஜன் பெயரையே தாங்கிய கணிதச் சஞ்சிகையின் முதல் தொகுதியில், செலவுக்கு அஞ்சி ஒரு வரியும் குறைக்காமல் வெளிவந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1994 ஏப்ரலில், ஜானகி அம்மாள் சென்னையில் காலமாகியிருந்தார்.